நடுக்கடலில் வரைந்த பாதைகள்

என் கணவர் கப்பலில் எஞ்சினியர். தானியமும் நிலக்கரியும் ஏற்றுகிற பெரிய கப்பல்கள். இந்த மாதம் ஒரு துறைமுகம், அடுத்த மாதம் பூமியின் மறுபக்கம். வருடத்தில் பெரும்பகுதி அவர் வீட்டில் இருப்பதில்லை. எங்களுக்குப் பிள்ளைகளும் இல்லை. ஆகையால் அவர் இல்லாத காலங்களில் அன்புவழிபுரத்து வீட்டில் இருப்பது நானும், விறாந்தைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் அவருடைய மோட்டார் சைக்கிளும்தான்.

திருகோணமலைக்காரருக்குக் கப்பல் ஒரு புதினமில்லை. நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து துறைமுகப் பக்கமாக வந்தால், உள்குடாவில் ஏதாவது ஒன்று நங்கூரம் போட்டு நிற்கும். சீனன்குடாவுக்குக் கோதுமை கொண்டுவந்தது, அல்லது சீமெந்து கொண்டுவந்தது. ஊரிலே இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் அவர் வேலை செய்த எந்தக் கப்பலும் ஒரு தடவையாவது இங்கே வந்ததில்லை. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு கப்பலையும் நின்று பார்ப்பேன். பிறகு அந்தப் பழக்கத்தை விட்டுவிட்டேன்.

மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் ஒரு ஜிபிஎஸ் பூட்டியிருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, மழையில் நனைந்தாலும் பழுதாகாதது. ஏதோ ஒரு ஐரோப்பியத் துறைமுகத்தில், கூட வேலை செய்த ஒருவரிடம் பழசாக வாங்கி வந்தார். லீவில் நிற்கும்போது பின்னேரங்களில் லப்டொப்பைத் திறந்து, வரைபடத்தில் புள்ளி புள்ளியாக வைத்து ஒரு பாதை வரைவார். வரைந்ததைத் தன் போனுக்கு எடுத்து, வயர் ஒன்றும் இல்லாமல் முற்றத்தில் நிற்கும் ஜிபிஎஸ்ஸுக்கு அனுப்புவார். அடுத்த நாள் விடிய இரண்டு பேரும் அந்தப் பாதையில் போவோம்.

“பிறந்து வளர்ந்த ஊருக்குள்ள போறதுக்கு உந்தச் சாமான் ஏன்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வழி தெரியாததுக்கு இல்லையப்பா,” என்றார். “போற வழியை முதல் ஒருக்கா கீறிப் பாக்கிறதுதான் எனக்கு விருப்பம்.”

கப்பலில் அவர் நிற்கிற எஞ்சின் அறைக்கு ஜன்னல் கிடையாது. கடலுக்கு நடுவில் இருந்துகொண்டே பல நாள் கடலைக் காணாமல் இருக்கிறவர் அவர். அவருடைய விருப்பத்துக்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று எனக்குப் பிறகுதான் பட்டது.

போன தடவை அவர் வெளிக்கிட்டபோது என்னிடம் ஒரு வேலை தந்தார். கிழமைக்கு ஒருக்கா பைக்கை ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரம் ஓடவிட வேண்டும், இல்லாவிட்டால் பற்றரி செத்துவிடும். எனக்கு ஸ்கூட்டர்தான் பழக்கம். ஆனாலும் முந்திய லீவில் சீனன்குடாப் பக்கத்து வெறும் ரோட்டில் அவர் எனக்குக் கியர் போடப் பழக்கியிருந்தார். முதல் இரண்டு மூன்று கிழமை முற்றத்தில் நின்ற இடத்திலேயே உறுமவிட்டேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை படலையைத் திறந்து வெளியே எடுத்து உப்புவெளி வரை ஓடிவிட்டு வந்தேன். சந்திக் கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வீட்டுக்கு வந்து இறங்கித் தார்ப்பாயைத் திரும்பப் போர்த்தினேன். மனம் நல்லாயிருந்தது.

அதை அவரிடம் சொன்னபோது லைனில் சத்தமே இல்லை. கப்பலின் இணையம் அப்படித்தான். நாங்கள் சொன்னது அங்கே போய்ச் சேரச் சுணங்கும். கடைசியில் அவருடைய சிரிப்பு வந்தது.

“அப்ப நான் இஞ்சயிருந்து உமக்கு ஒரு ரூட் போட்டு அனுப்பிறன். ஓடுவீரே?”

“அனுப்புங்கோவன். எப்பிடி அதுக்குள்ள ஏத்திறது?”

“உம்மட போனுக்கு வரும். போனிலயிருந்து புளூடூத்தில ஜிபிஎஸ்ஸுக்குப் போகும். சின்ன வேலை.”

சின்ன வேலை ஒரு சனிக்கிழமைக் காலையை முழுக்கத் தின்றது. நான் முற்றத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, பைக்கின் திறப்பைச் செருகித் திருப்பினேன். ஜிபிஎஸ் விழித்தது. விழித்ததும் அது தேடியது என் போனை அல்ல, அவருடைய போனை. திரையின் மூலையில் அவருடைய போனின் பெயரும், அதற்குக் கீழே ‘கிடைக்கவில்லை’ என்ற சொல்லும் வந்தன. கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தேடியது. திரும்பவும் கிடைக்கவில்லை. அவர் போன நாளிலிருந்து ஒவ்வொரு கிழமையும் நான் திறப்பைத் திருப்பும்போதெல்லாம் அது இப்படித் தேடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

அவருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். பதில் வந்தது: “என்ர போனை அதிலயிருந்து அழிச்சுப்போட்டு உம்மடதைச் சேரும்.”

“ரெண்டையும் வைச்சிருக்க ஏலாதா?”

“அது பழைய மொடல். ஒண்டுதான் பிடிக்கும். அழிச்சுப்போடும், பிரச்சினையில்ல.”

பிரச்சினையில்லைதான். ஒரு பெயரைத் தொட்டு நீக்குவதற்கு எவ்வளவு நேரம் வேண்டும்? ஆனால் நான் எழும்பிப்போய்க் குசினியில் தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு வந்துதான் அதைச் செய்தேன். உறுதியாக நீக்கவா என்று கருவி ஒருமுறை கேட்டது. ஓம் என்று அழுத்தினேன். பிறகு இரண்டு திரையிலும் ஒரே இலக்கம் வந்தது. சரி பார்த்து இணைத்தேன்.

அவர் அனுப்பிய பாதை என் போனில் நீல நிறக் கோடாகத் திறந்தது. எங்கள் வீட்டு ஒழுங்கையிலிருந்து புறப்பட்டு, உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலத்தில் முடிந்தது. ‘அனுப்பு’ என்பதை அழுத்தினேன். அனுப்பியாயிற்று என்று போன் சொன்னது. ஜிபிஎஸ்ஸில் ஒன்றையும் காணவில்லை. அழித்துவிட்டு அனுப்பினேன், திறப்பை மூடித் திறந்து மறுபடி அனுப்பினேன். கடைசியில்தான் அதற்குள் வேறோர் இடத்தில் நான் அனுப்பிய பாதைகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து காத்திருந்ததைக் கண்டேன். நானாகப் போய் உள்ளே கூப்பிட வேண்டுமாம். அதைத் தொட்டதும் கருவி யோசித்து யோசித்துத் திரையில் அந்தக் கோட்டை வரைந்தது.

“வந்திட்டுது,” என்று அவருக்கு எழுதினேன். அப்போது அவருடைய கப்பல் ஆபிரிக்காக் கரைக்கு வெளியே எங்கேயோ நின்றது.

இறக்கக்கண்டிக்கு எனக்கு வழி கேட்கத் தேவையில்லை. எத்தனை தரம் போன இடம். ஆனாலும் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் போனேன். சாம்பல்தீவுப் பாலத்துக்கு முன் ஒரு புள்ளி, நிலாவெளியில் நாங்கள் வழக்கமாக இளநீர் குடிக்கும் இடத்தில் ஒரு புள்ளி. இளநீர்க்காரரைக் காணவில்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் நின்றேன். பாலத்தில் இறங்கியபோது களப்புப் பக்கம் வள்ளங்கள் கட்டிக் கிடந்தன. இரண்டு பேர் வலை உதறிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் அவரோடு வந்தபோது பார்த்ததுதான். பக்கத்தில் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்து, பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

ஜிபிஎஸ் நாங்கள் ஓடிய தடத்தையும் எழுதி வைக்கும். அதை எப்படித் திருப்பி எடுப்பது என்று அவர் சொல்லித் தந்தார். வீட்டுக்கு வந்ததும் அந்தத் தடத்தைக் கருவியிலிருந்து போனுக்கு எடுத்து அவருக்கு அனுப்பினேன். அடுத்த நாள் பேசும்போது அவர் ஒரு வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு கதைப்பது குரலில் தெரிந்தது.

“நிலாவெளியில இந்த இடத்தில கோடு கொஞ்சம் நெளிஞ்சு கிடக்கு. என்ன நடந்தது?”

“மாடு. ரோட்டுக்கு நடுவில படுத்திருந்தது.”

“பாலத்தில கன நேரம் நிண்டிருக்கிறீர்.”

“ஓம்.”

“ஏன்?”

“சும்மா நிண்டனான்,” என்றேன்.



அப்படித்தான் அது தொடங்கியது. லீவு நாளுக்கு முதல்நாள் பாதை வரும். நான் முற்றத்தில் கதிரை போட்டு அதை ஏற்றுவேன். ஓடிவிட்டு வந்து தடத்தை அனுப்புவேன். கன்னியா, கும்புறுப்பிட்டி, மூதூர். முதலில் நாங்கள் சேர்ந்து போன இடங்கள். பிறகு இரண்டு பேருமே போகாத குளக்கட்டுகள், வயல் பாதைகள். சில வேளை அவர் ஒரு பக்கம் கோடு போட்டிருப்பார், கருவி அதைத் தன் கணக்குக்கு மாற்றி வேறு பக்கம் கூட்டிப்போகும். அதனுடைய வரைபடம் பழையது. ஒருமுறை புது ரோட்டில் நான் போய்க்கொண்டிருக்கும்போது நான் குளத்துக்குள் நிற்பதாகக் காட்டியது. அந்தத் தடத்தைப் பார்த்துவிட்டு அவர், “நீந்தப் பழகிட்டீர் போல கிடக்கு,” என்று எழுதினார்.

கப்பல் இணையம் இல்லாத இடத்துக்குப் போனால் கிழமைக்கணக்கில் ஒன்றும் வராது. அந்தக் கிழமைகளில் நான் பழைய பாதை ஒன்றை எடுத்து ஓடுவேன். அவர் வைத்த புள்ளிகளில் நிற்பேன்.

ஆய்வுகூடத்தில் என்னோடு வேலை செய்கிற கிண்ணியாக்காரத் தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயசு இளையவள். உண்மையான தங்கச்சி மாதிரி. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் என் போனில் இருந்த பாதைகளைத் தட்டித் தட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, ஒங்கட மாப்பிள்ளை அங்க இருந்துக்கிட்டு ஒங்கள இங்க ஓட்டுறாரு என்ன?” என்றாள். பகிடியாகத்தான் சொன்னாள். நான் சோற்றுப் பெட்டியை மூடி வைத்தேன்.

அன்று பின்னேரம் அவரிடமிருந்து செய்தி வந்தது. அவருக்குப் பதிலாக வரவேண்டிய ஆள் வரவில்லை, கப்பலைவிட்டு இறங்குவது பிந்தும், எவ்வளவு காலமென்று தெரியாது. அதற்குக் கீழேயே ஒரு புதுப் பாதை. நான் அதைத் திறக்கவில்லை. லைன் கிடைத்தபோது சொன்னேன்:

“எனக்கு ரூட் வேண்டாம். எனக்கு ஆள்தான் வேணும்.”

சுணக்கமா, அவர் மௌனமாக இருந்தாரா என்று தெரியவில்லை. கடைசியில், “எனக்கு மட்டும் என்ன,” என்றார். அவ்வளவுதான். லைன் அறுந்தது. அதன்பிறகு பாதையும் வரவில்லை, நானும் பைக்கின் தார்ப்பாயை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரியால் வந்து சமைத்து, சாப்பிட்டு, டிவியைப் போட்டுவிட்டு அதைப் பாராமல் இருந்தேன்.

கொஞ்ச நாளுக்குப் பிறகு ஒரு காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம், அவருடைய குரல் செய்தி வந்தது. மூச்சுவாங்கப் பேசினார், எஞ்சின் அறையிலிருந்து படியேறி வந்திருக்க வேண்டும்.

“இஞ்சரும், கப்பல் விசாகப்பட்டினம் போகுது. இலங்கையைச் சுத்திக் கிழக்குப் பக்கத்தால. மேல கப்பல் ஓட்டுறவையிட்டக் கேட்டனான், நாளையிண்டைக்குக் காலமை எங்கட கரைக்கு நேராப் போகுமாம். துறைமுகத்துக்குள்ள வராது. ஆனா வழமையைவிடக் கொஞ்சம் கிட்டப் போகுமெண்டு சொல்லுறாங்கள். உமக்கு லீவு எடுக்க ஏலுமே? ரூட் ஒண்டு அனுப்பியிருக்கிறன். இதை மட்டும் ஓடும்.”

பாதையைத் திறந்து பார்த்தேன். கிண்ணியாப் பாலம் தாண்டி, மூதூர் ரோட்டால் தெற்கே இறங்கி, ஈச்சிலம்பற்றுப் பக்கம் திரும்பி, இலங்கைத்துறை முகத்துவாரத்துக் கடற்கரையில் முடிந்தது. கோடு தரையில் முடிய, அதற்கு நேரே கடலில் தனியாக ஒரு புள்ளி வைத்திருந்தார். தான் நிற்கப்போகிற இடம்.

தங்கச்சியிடம் சொன்னபோது அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. “நானும் வாறன். அவ்வளவு தூரம் ஒங்கள தனிய விடுறதா?” என்றாள்.

வெளிச்சம் வந்ததும் புறப்பட்டேன். கிண்ணியாவில் அவள் வாசலில் காத்துக்கொண்டு நின்றாள், ஒரு பையில் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு. பின்னால் ஏறி என் இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். மூதூர் தாண்டும் வரை எல்லாம் ஒழுங்கு. வயல்களின்மேல் வெயில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. கொஞ்சத் தூரம் போனபிறகு அவள் என் தோளில் தட்டினாள்.

“அக்கா, இது நம்மள வெருகலுக்குக் கொண்டு போகுது. கடல் அந்தப் பக்கந்தானே இரிக்கி?”

நிற்பாட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. அவர் கோடு போட்டிருந்த மணல் ரோடு கருவியின் பழைய வரைபடத்தில் இல்லை. பாதையை ஏற்றியபோது அது பேசாமல் எங்களைப் பெரிய ரோட்டிலேயே நேராக விட்டிருக்கிறது. முற்றத்தில் வைத்து நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை; பார்க்கிற நிலையில் இருக்கவில்லை. போனில் வேறு பாதை எடுக்கலாமென்றால் அந்த இடத்தில் இணையம் இழுக்கவில்லை. கப்பல் போய்விடுமோ என்று பயந்தேன்.

வாசலில் நெல் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

“முகத்துவாரமா? வந்த வழியால திரும்பிப் போங்கோ பிள்ளை. பள்ளிக்கூடம் ஒண்டு வரும், அதோட வலப்பக்கம். பிறகு கடல் சத்தம் கேக்கும்,” என்றார்.

சத்தம் கேட்டது. ரோடு முடிகிற இடத்தில் பைக்கை விட்டுவிட்டு இரண்டு பேரும் மணலில் ஓடினோம். கரையில் இரண்டு மூன்று வள்ளங்கள். சூரியன் கடலுக்குமேல் எழும்பி முகத்துக்கு நேரே நின்றது. கையால் நிழல் பிடித்துப் பார்த்தேன். கடல் விளிம்பில் இரண்டு கப்பல்கள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்றாக, பெருவிரல் நகத்தளவில்.

எது அவருடையது என்று எப்படித் தெரியும்?

அப்போது போன் அடித்தது. திரையில் வந்தது அவருடைய உள்ளூர் இலக்கம். அவர் போன நாளிலிருந்து அந்த இலக்கத்திலிருந்து எனக்கு ஒரு அழைப்பும் வந்ததில்லை. கரைக்குக் கிட்ட வந்ததால் எங்கள் ஊர்ப் போன் கோபுரம் ஒன்று அவருடைய போனைப் பிடித்துவிட்டது.

“ஹலோ? கேக்குதே?” என்றார். சுணக்கம் இல்லை. சொன்ன உடனே கேட்டது, அடுத்த அறையில் இருந்து கூப்பிடுகிற மாதிரி.

“ம்” என்றேன்.

“நான் மேல் தட்டில நிக்கிறன். மலையெல்லாம் தெரியுது. நீர் எங்க?”

“தண்ணிக்குள்ள நிக்கிறன்,” என்றேன். அப்போதுதான் குனிந்து பார்த்தேன். முழங்கால் வரை நனைந்திருந்தது. “ரெண்டு கப்பல் நிக்குது. நீங்கள் எதில?”

“முன்னுக்குப் போறது. நாலு பாரந்தூக்கி தெரியுதே?”

ஒன்றும் தெரியவில்லை. கறுப்பாக ஒரு கட்டி மட்டும்தான். “தெரியுது,” என்றேன்.

“இஞ்சயிருந்து கரை ஒரு கோடு மாதிரித்தான் இருக்கு. ஆக்கள் தெரிய மாட்டினம்.” அவருடைய குரல் இறங்கியது. “பரவாயில்ல.”

தங்கச்சி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று தன் கைப்பையைக் கொட்டிக் கவிழ்த்து, சின்ன முகக்கண்ணாடி ஒன்றை எடுத்தாள். “அக்கா, சூரியன் அங்கதான் இரிக்கி. இத அவருக்கு நேரே பிடிங்க!”

ஒரு கையில் போன், மறு கையில் கண்ணாடி. எனக்குப் பிடிக்கத் தெரியவில்லை. அவள் என் மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மெல்லத் திருப்பினாள். வெளிச்சம் முதலில் அலையில் விழுந்தது, பிறகு வள்ளத்தில், பிறகு எங்கே போனதென்று தெரியவில்லை. நாங்கள் அசைத்துக்கொண்டே நின்றோம்.

போனில் அவர் கத்தினார். “பொறும், பொறும்! ஒரு மினுக்கம்! கரையில ஒரு மினுக்கம் தெரியுது! அது நீரே?”

“ஓம்! நான்தான்! நான்தான்!”

“ஆட்டும்! இன்னொருக்கா ஆட்டும்!”

ஆட்டினேன். அங்கே பக்கத்தில் நின்ற யாருக்கோ ஆங்கிலத்தில் அவர், அதோ என் மனைவி, என் மனைவி என்று சொல்வது கேட்டது. யாரோ சிரித்தார்கள், கை தட்டினார்கள். நான் அழுதுகொண்டிருந்தேன், தங்கச்சியும் காரணமில்லாமல் அழுதாள்.

அதன்பிறகு நாங்கள் கதைத்தவை பெரிய கதைகள் அல்ல. தண்ணி மோட்டர் திருத்தியாச்சோ என்று கேட்டார். ஓம் என்றேன். பல்வலி எப்படி என்று நான் கேட்டேன். சாப்பிட ஏலாமல் மெலிந்துவிட்டேன் என்றார். கதைத்துக்கொண்டிருக்கும்போதே குரல் வெட்டி வெட்டி வந்தது. “நான் அண்டைக்குச் சொன்னது…” என்று நான் தொடங்கினேன். “அதை விடும்,” என்றார். பிறகு ஏதோ சொன்னார், பாதிதான் கேட்டது. லைன் அறுந்தது. திருப்பி எடுத்தபோது, தொடர்பு கொள்ள முடியாதென்று ஒரு பெண்குரல் சொன்னது.

முன்னால் போன கப்பல் சிறுத்துச் சிறுத்து வடக்கே போனது. அது புள்ளியாகி மறையும் வரை நான் கண்ணாடியை ஆட்டிக்கொண்டே நின்றேன். அவர் திரும்பவும் கீழே எஞ்சினடிக்கு இறங்கியிருப்பார் என்று தெரியும். ஆனாலும் கையை நிற்பாட்ட மனம் வரவில்லை. தங்கச்சி வள்ளத்தின் நிழலில் இருந்து ரொட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டாள். பசித்தது. இரண்டு பேரும் ஒன்றும் மிச்சம் விடாமல் சாப்பிட்டோம்.

அவர் வீடு வந்து சேர்ந்தது மாரி தொடங்கிய பிறகு. அந்த முறை விடாத மழை. ஒழுங்கையில் வெள்ளம் நின்றது. மூதூர்ப் பக்கம் ரோட்டுக்குமேலால் தண்ணீர் ஓடியது. வெயில் எறிக்கும், எங்கேயாவது போகலாமென்று ஒவ்வொரு நாள் காலையும் முற்றத்தை எட்டிப் பார்த்தோம். ஒரு நாளும் போகக் கிடைக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தோம். அவர் மீன் வாங்கி வந்து சமைத்தார். பகலில் நான் ஆஸ்பத்திரிக்குப் போக, அவர் கூரை ஒழுக்கு அடைத்தார். அமைதியான அறையில் நித்திரை வராதென்று அந்தக் குளிரிலும் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு படுத்தார். நான் இரண்டு போர்வை போர்த்தினேன்.

முகத்துவாரத்தைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் கதைத்தோம். மழையைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் இருந்தபோது, “அண்டைக்கு மேல் தட்டிலயிருந்து கீழ போகவே எனக்கு மனமில்லை,” என்றார். நான் அவருடைய கையைப் பிடித்தேன். எண்ணெய்க் கறை ஏறிய நகங்கள்; எவ்வளவு தேய்த்தாலும் போகாது.

லீவு முடிந்து அவர் கொழும்பு பஸ் ஏறியபோதும் தூறிக்கொண்டுதான் இருந்தது.

“அடுத்த முறை வெயில் காலத்தில வரப் பாக்கிறன்,” என்றார் ஜன்னலால்.

“எந்தக் காலத்திலயெண்டாலும் வாங்கோ,” என்றேன்.

பஸ் திரும்பி மறைந்த பிறகு குடையை மடக்கிவிட்டு நனைந்துகொண்டே ஆஸ்பத்திரிக்கு நடந்தேன். தங்கச்சி துவாய் ஒன்றைத் தந்தாள். அன்று காலை வந்த இரத்த மாதிரிகள் மேசையில் வரிசையாகக் காத்திருந்தன.